சுங்கை சிப்புட் திடல்: மெர்டேக்கா விடுமுறைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 29, 2025, வெள்ளி இரவு

மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின நீண்ட விடுமுறை என்றால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காடிகள் ஊர்ந்துதான் போகும். இன்று தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஊரவும் இல்லை, அப்படியே நின்றுவிட்டன. கோலாலம்பூரில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிய நானும் மகனும் சித்தப்பா வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஒன்பது. வழியில் தாப்பா ஆர் என் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடம்) கழிப்பறைக்கே நீண்ட வரிசை. முன்னால் நின்ற ஒரு மலாய்க்கார அம்மா, கைக்குழந்தையோடு கடைசியில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டுத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். நாசி லெமாக் பொட்டலம் 3 வெள்ளி (ரிங்கிட்). சம்பல் நல்ல காரம்.

சுங்கை சிப்புட், பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் தோட்டப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் எண்ணெய்ச் செம்பனை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கேதான் தோட்ட நிர்வாகிகளான மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக நாட்டில் அவசரகாலம் வந்தது. பள்ளிப் புத்தகத்தில் இந்த ஊருக்கு அந்த ஒரு வரிதான். சித்தப்பாவுக்கோ சுங்கை சிப்புட் என்றால் காற்பந்து. தோட்டத்து அணிக்கு இடது ஓரத்தில் ஆடியவர். எழுபது தாண்டியும் இன்னும் வேகமாகத்தான் நடக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாம் கூடி எழுவர் காற்பந்து நடத்துகிறார்கள், கட்டாயம் வரவேண்டும் என்று இரண்டு மாதமாகப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

சின்னம்மா கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்திருந்தார். கை கழுவிக்கொண்டு வந்த மகனைப் பார்த்ததும் சித்தப்பா நிமிர்ந்தார். அவன் போட்டிருந்தது ஜொகூர் மாநிலக் காற்பந்து அணியான ஜொகூர் டாருல் தாக்சிம் சட்டை.

"பேராக்குக்கு வந்துட்டு ஜொகூர் சட்டையாடா?"

"பேராக் அணியே லீக்ல இல்லையே தாத்தா."

பதினாலு வயதுப் பிள்ளை உள்ளதைச் சொன்னான். பேராக் இந்தப் பருவத்துக்கு முன்பு நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டதைப் பேப்பரில் எல்லாரும் படித்தோம். பகாங்கும் அதே கதைதான். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலைல இவனைக் கோலகங்சார் கூட்டிட்டுப் போம்மா. அந்த மரத்தைக் காட்டு. அப்புறம் கிண்ணத்தைப் பத்திப் பேசலாம்" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பால்மரம் நிற்கிறது. சுற்றிலும் வேலி, ஓர் அறிவிப்புப் பலகை. 1877-ல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது. பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றாகிக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது. மகன் படம் எடுத்துக்கொண்டு, "இதுக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன?" என்றான். சித்தப்பா காத்திருந்த கேள்வி அதுதான்.

அவர் சொன்ன கதையை, எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1912-ல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த ஐக்கிய மலாய் மாநிலங்கள், பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் வாங்கித் தர முன்வந்தன. அந்த மாநிலங்களுக்கு அப்போது வருமானம் என்றால் ஈயமும் ரப்பரும். 'மலாயா' என்று பெயர் வைத்த அந்தக் கப்பல் 1915-ல் நீரில் இறங்கியது, 1916-ல் ஜட்லண்ட் கடற்போரில் சண்டை போட்டது. 1921 ஜனவரியில், பணம் கொடுத்த நாட்டைப் பார்க்க இந்தக் கரைக்கு வந்தது. இங்கே கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக, அதில் இருந்த மாலுமிகளும் அதிகாரிகளும் இரண்டு கிண்ணங்களைக் கொடுத்தார்கள். ஒன்று ரக்பிக்கு, இன்னொன்று காற்பந்துக்கு. அந்தக் காற்பந்துக் கிண்ணத்துக்கு அதே ஆண்டு மாநிலங்கள் மோதின. இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2, சிலாங்கூர் 1. 1967-ல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறி இன்றும் அது நடக்கிறது.

"அந்த ரப்பரை யாருடா வெட்டுனது? உன் கொள்ளுத் தாத்தா வெட்டுனாரு" என்றார் சித்தப்பா.

மலேசியக் கிண்ணத்தின் வரலாற்றை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். கப்பல் வரும், கேப்டன் வருவார், கிளப் திடல் வரும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடியவர்கள் அதில் வந்து நான் பார்த்ததில்லை. கப்பலுக்குக் கொடுத்த பணத்தில் அவர்கள் வியர்வையும் இருந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்டது என்று சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் லக்சா சாப்பிட்டோம், கிண்ணம் 5 வெள்ளி. பினாங்கு லக்சாவைவிடக் குழம்பு தண்ணியாக, புளிப்பு குறைவாக இருந்தது. மகன் இரண்டாவது கிண்ணம் கேட்டான். திரும்பும் வழியில் பிடித்த மழை, வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் போகும் லாரி தெரியாத அளவுக்குக் கொட்டியது. சாலையோரம் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் பட்டணத்தில் சித்தப்பா வழக்கமாகப் போகும் ஒட்டுக்கடை. தே தாரிக் 2 வெள்ளி 20 சென், வாழைக்காய் பஜ்ஜி மூன்று 2 வெள்ளி. மூன்று நான்கு பெரியவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகனின் சட்டை இங்கேயும் பேச்சைக் கிளப்பியது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், "உங்க அணி எத்தனை வருஷமாப்பா ஜெயிக்குது?" என்று கேட்டார்.

"2014-லேர்ந்து விடாம பதினொரு தடவை ஐயா."

"சரி. அதுக்கு முன்னாடி?"

அவனுக்குத் தெரியவில்லை. ஐயா விரல் மடக்க ஆரம்பித்தார். லீக் 1979-ல் மலேசியக் கிண்ணத்துக்குத் தகுதிச் சுற்றாகத்தான் தொடங்கியது. முதலிடத்துக்குத் தனிக் கிண்ணம் வந்தது 1982-ல். அந்த ஆண்டு பினாங்கு, அடுத்தது மலாக்கா, அப்புறம் சிலாங்கூர், சிங்கப்பூர், கூட்டரசுப் பிரதேசம், பகாங். ஆறு ஆண்டில் ஆறு வெற்றியாளர்கள்! 1991-ல் ஜொகூர், 1993-ல் கெடா. 1994-ல் சிங்கப்பூர் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மலேசியப் போட்டியை விட்டே போய்விட்டது. 1996-ல் சபா, 1997-ல் சரவாக். சின்னஞ்சிறு பெர்லிஸ்கூட 2005-ல் சூப்பர் லீக்கை வென்றது. 2011, 2012 இரண்டும் கிளந்தான்.

"எந்த வருஷம் யார் ஜெயிப்பான்னு சொல்லவே முடியாது தம்பி. அதான் திடல் நிறைஞ்சுச்சு."

பேராக் கணக்கைச் சித்தப்பா சொன்னார். லீக் 2002, 2003. மலேசியக் கிண்ணம் எட்டு முறை: 1926, 1931, சுதந்திரம் கிடைத்த 1957, பெயர் மாறிய 1967, 1970, பிறகு இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்து 1998, அப்புறம் 2000, 2018. கடைசியாக 2018-ல் திரங்கானுவோடு 3-3 என்று முடிந்து, பினால்டியில் 4-1. அந்த அணியின் நடுவரிசையில் நம் பிள்ளை கென்னி பால்ராஜ் இருந்தார். சித்தப்பா அந்த இரவு ஷா ஆலாமில் இருந்திருக்கிறார். ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய், விடியற்காலை வீடு திரும்பி, குரல் போய் மூன்று நாள் பேசமுடியவில்லையாம்.

இப்படிப்பட்ட அணி இப்போது லீக்கில் இல்லை. ஐயா கோபமாகவே பேசினார். 1989-ல் அரைத் தொழில்முறை லீக் வந்ததிலிருந்து ஆட்டத்தில் பணம் புகுந்தது. 1994-ல் கெலோங் என்கிற ஆட்ட முறைகேடு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி என்ற செய்தி அணி மாற்றி அணி வந்துகொண்டே இருக்கிறது. ஜொகூர் நிர்வாகத்தைச் சரியாக வைத்துக்கொண்டது, மைதானம் கட்டியது, 2015-ல் துஷான்பேயில் போய் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தையும் வென்று வந்தது. அதை யாரும் குறை சொல்லவில்லை. மற்ற மாநிலங்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் கேள்வி. இதில் நான் ஐயா கட்சி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை ஏழரைக்கே திடலில் கொடி ஏற்றினார்கள். தேசிய கீதமான நெகாராகூ பாடி முடிந்ததும் மாரியம்மன் கோவில் பூசாரி பந்துக்குக் குங்குமம் வைத்தார். நேற்றைய மழையில் ஒரு கோல் பக்கம் முழுக்கச் சேறு. மரத்தூள் மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் சுண்ணாம்பால் கோடு இழுத்தார்கள். நாலாவது ஆட்டத்திலேயே கோடு கரைந்து, நடுவர் தன் கண்ணையே நம்பி ஆட்டம் நடத்தவேண்டியதாயிற்று. என் செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு சீனர் கடையில் 8 வெள்ளிக்கு ரப்பர் செருப்பு வாங்கினேன். கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, காசு வாங்குவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பதினாறு அணிகள். நுழைவுக் கட்டணம் அணிக்கு 150 வெள்ளி. ஒவ்வொன்றும் ஒரு பழைய தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டங்களில் பலவற்றில் இப்போது தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்றுகூட இல்லை. ஆட்டக்காரப் பையன்கள் ஈப்போவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஓர் அணியில் ஆள் குறையவே, என் மகனைக் கூப்பிட்டார்கள். ஜொகூர் சட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு ஓடினான். முதல் சுற்றிலேயே 3-1 என்று தோற்றார்கள். அந்த ஒன்றுக்குப் பந்து கொடுத்தவன் இவன்தான்.

கூடாரத்தில் சோறு, கோழிப் பெரட்டல், ரசம், அப்பளம் எல்லாம் இலவசம். வெளியே ஈப்போ புந்தோங்கிலிருந்து வந்த கச்சாங் பூத்தே வண்டி. முறுக்கும் கடலையும் கலந்த பொட்டலம் 4 வெள்ளி. விற்ற அக்கா, ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் பொட்டலத்துக்கு மேல் ஒரு பிடி தனியாகக் கையில் கொடுத்தார்.

மதியம் மழை மறுபடி வந்து ஆட்டம் நின்றபோது, பெரியவர்கள் கூடாரத்துக்குள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அந்தக் காலத்துத் தோல் பந்தைப் பற்றிச் சொன்னார். உள்ளே பிளாடர், வெளியே வாய்ப்பகுதியைத் தோல் வாரால் தைத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். மழையில் ஊறினால் பந்து கல்லாகக் கனக்கும். தலையால் முட்டும்போது அந்த முடிச்சு நெற்றியில் பட்டால் கிழித்துவிடும். தன் நெற்றியைக் காட்டினார். இடது புருவத்துக்கு மேல், விரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு தழும்பு. தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோல் அங்கே மட்டும் வழவழப்பாக இருந்தது. "கங்காணி மகன் அடிச்ச கார்னர் கிக்" என்றார். கோல் விழுந்ததா என்று கேட்டேன். அது விழுந்ததால்தான் தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாராம்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திடல் இருந்தது என்பதை எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கோவில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, திடல். காலையில் பால் வெட்டி, மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, நாலரைக்குத் திடலில் இறங்கிவிடுவார்கள். சில தோட்டங்களில் ஆட்டம் பார்த்துத் துரையே வேலை கொடுப்பாராம். நன்றாக ஆடுகிற பையன் என்றால் வெட்டுக்காட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றல் கிடைக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி, அதில் தேறினால் மாவட்டம், அங்கிருந்து மாநிலம். காசு செலவில்லாமல் ஏறிப்போக ஒரு வழி இருந்தது.

அந்தக் காலத்துத் தேசிய அணியில் நம் பெயர்கள் எத்தனை! தனபாலன், கிருஷ்ணசாமி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அணித்தலைவர் சந்திரன். அங்கே அமெரிக்காவை 3-0 என்று வீழ்த்தினோம். கோல் காவலர் ஆறுமுகத்தை ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்டது. 1980-ல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோலில் நின்றவர் அவர். சோவியத்தின் ஆப்கான் படையெடுப்பை எதிர்த்து நடந்த ஒலிம்பிக் புறக்கணிப்பால் அணி போகவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில், முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். அவர் பெயரை எடுத்ததும் கூடாரத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையை அகல விரித்துக் காட்டினார்கள், அவ்வளவு நீளக் கை. 2010-ல் ராஜகோபால் பயிற்சியில் மலேசியா ஆசியான் கிண்ணத்தை வென்றபோதும் அணியில் குணாளன், குருசாமி இருந்தார்கள். இவர்கள் எல்லாரும் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தோட்டத் திடல்கள் இருந்தவரை, நம் பிள்ளைகள் ஆடிப் பழகப் பக்கத்திலேயே இடம் இருந்தது. இப்போது ஓர் அகாடமியில் சேர்க்க மாதக் கட்டணம், பூட்ஸ், கூட்டிப்போக ஒரு காடி, காத்திருக்க ஒரு பெற்றோர் வேண்டும். என் மகன் விஷயத்தில் அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

இறுதியாட்டம் ஆறே முக்காலுக்குத்தான் தொடங்கியது. இரண்டு லாரிகளின் விளக்கைத் திடல் பக்கம் திருப்பிப் போட்டார்கள். கூடுதல் நேரத்தில் 2-1. வென்ற அணிக்குக் கிண்ணமும் 1,000 வெள்ளியும். அதை வாங்கிய கையோடு 200 வெள்ளியைத் தமிழ்ப்பள்ளி விளையாட்டு நிதிக்கு என்று அறிவித்தார்கள். பள்ளி ஆசிரியை அழுதுவிட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

கிளம்புவதற்கு முன் சித்தப்பா தன் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனார். கேட்டில் காவலர் காடியை உள்ளே விடமாட்டேன் என்றார், நிர்வாகத்தின் உத்தரவாம். மோட்டாரில் போகிறவர்களைத் தடுக்கவில்லை. சித்தப்பா சண்டை போடவில்லை. காடியை வெளியே விட்டுவிட்டு நடந்தோம். ஈரச் செம்மண், இரண்டு பக்கமும் செம்பனை. கால் மணி நேரம் நடந்த பிறகு ஓரிடத்தில் நின்றார். சுற்றியுள்ள நிலம் மேடும் பள்ளமுமாக இருக்க, அங்கே மட்டும் சமமாக இருந்தது. ஓரத்தில் பழைய வடிகால், சிமெண்டுக் கரையோடு. "இந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பந்து போனா த்ரோ" என்றார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே நடந்து காட்டினார்: இங்கே நடுக்கோடு, அங்கே கோல், இந்த மரம் நிற்கிற இடத்தில் தாத்தா நின்று கத்துவார்.

அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களிடம் மாதாமாதம் பத்து வெள்ளி திரட்டித் தோட்டங்களை வாங்கியது. வேலையையும் வீட்டையும் காப்பாற்ற அப்படி ஒரு முயற்சி நடந்தது. திடலைக் காப்பாற்ற யாரும் சங்கம் அமைக்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்குப் போனார்கள், காலி நிலம் கன்று நடத் தோதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா அலமாரியிலிருந்து ஒரு படம் எடுத்தார். எழுபதுகளில் எடுத்தது. வரிசையாக நிற்கும் பதினோரு பேர், குந்தியிருக்கும் இரண்டு பேர், நடுவில் ஒரு கிண்ணம். சித்தப்பாவால் ஒன்பது பேரைச் சொல்ல முடிந்தது. ஒட்டுக்கடை ஐயாவுக்குப் போன் போட்டு விவரம் சொல்லிக் கேட்டதில் இன்னொருவர் பெயர் கிடைத்தது, பீரோ நிறையப் பாத்திரம் வைத்திருந்த ஸ்டோர் கிராணியின் (கணக்கர்) தம்பியாம். மீதி மூன்று பேர் யாரென்று தெரியவில்லை. கிடைத்த பெயர்களை மகன் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதினான், எந்த இடத்தில் ஆடினார்கள் என்பதையும் சேர்த்து.

மாநில அணிகள் வென்ற ஆண்டுகளை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துவிடலாம். தோட்டத்து அணிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் எங்கேயும் இல்லை. சுங்கை சிப்புட், லிந்தாங், லாசா பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள் வீட்டில் இப்படிப் படம் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். படத்தின் நகல் எனக்கும் கிடைத்தால் சேர்த்து வைக்கிறேன். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 திங்கட்கிழமை வருகிறது, போட்டியும் அன்றுதான். கூடாரத்தில் ஒரு பக்கம் படங்களுக்கு என்று ஒதுக்கித் தருவதாகக் குழுவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.